வெள்ளையாய்த் தெரிந்த குடை

இருட்டில் வேலை செய்கிற கேமராவுக்குக் கள்ளனைவிடப் பெரிய தொல்லை சிலந்திதான், மிஸ். கேமராவின் கண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டி விளக்குகள் இருக்கும். அவற்றின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தால் அணையப்போகிற அடுப்புக் கங்கு போல லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இளஞ்சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். சிலந்தி கண்ணுக்கு முன்னால் ஒரு நூல் இழுத்தால் போதும், படம் முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப் போகும். கேமரா விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பூட்டிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அப்படியில்லை. வாரம் தவறாமல் ஏணி வைத்து ஏறி, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு வருவேன். எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நீங்கள் இரத்தினபுரியிலிருந்து இந்த வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் தலைசுற்றி வந்திருக்கிறீர்கள். வாங்கி வைத்த பிளேன்டீயைக்கூடத் தொடவில்லை. வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். தோட்டத்துக் கேமராப் படத்தில் தலைவர் காளிதாஸின் கையில் இருக்கிற குடை வெள்ளையாகத் தெரிகிறது, ஆனால் அவர் மகள் நிரோஷா வீட்டிலிருந்து எடுத்துக் காட்டிய குடை கறுப்பு, இது எப்படி என்று கேட்டீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அந்தப் படத்தைத் தோட்டத்தை நடத்துகிற துரை பார்த்தார், பொலிஸ் பார்த்தது, கொழும்பிலிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒருவருக்கும் குடையின் நிறம் கண்ணில் படவில்லை. ஒரு சட்டத்தரணி, அதுவும் இந்தத் தொழில் தெரியாதவர், கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்களோடு வந்த கிளாக்கரை வெளியே தேநீர்க் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உங்கள் போனை வாங்கிப் பேட்டரியைக் கழற்றி வைத்ததற்குக் கோபிக்கக் கூடாது. அது தொழில் பழக்கம்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். படத்தில் இருக்கிற ஆள் காளிதாஸ் இல்லை என்று கேமராவைப் பூட்டியவனாகிய நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், வருகிற தவணையில் அதை நீதிபதியிடம் கொடுக்கலாம். தடுப்பு முகாமில் இருக்கிற மனிதன் வீட்டுக்கு வரலாம். சண்டை முடிந்துவிட்டது, இனி விடுவார்கள் என்று அவர் மனைவி இராஜம் நம்பிக்கொண்டிருக்கிறாள். சொல்கிறேன். முறையாக முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் சுதாகரன் என்று பலகையில் பார்த்திருப்பீர்கள். றக்வான பஜாரில் இந்தக் கடையைப் போடுவதற்கு முன்னால் நானும் நாகமரத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் வளர்ந்த லயத்துப் பிள்ளைதான். என் அம்மா அங்கே தேயிலைக் கொழுந்து எடுத்தவள். ரேடியோ திருத்தப் பழகி, டிவி திருத்தப் பழகி, ஒரு வழியாக வெளியே வந்தேன். லயத்துச் சனம் ஒருவன் வெளியே வந்ததை லேசில் மன்னிக்காது. எதிரில் பார்த்தால் "வாங்க சுதா" என்று பல்லைக் காட்டும். அந்தப் பக்கம் திரும்பியதும், "ஸ்குரு முறுக்கப் போனவன் கோட்டு சூட்டு போட்டுட்டான்" என்று சொல்லிச் சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் கண்டுகொள்வதில்லை.

போன வருடம் உர விலை மரத்தில் ஏறியது நினைவிருக்கும். தோட்டத்து உர ஸ்டோரிலிருந்து மூட்டைகள் காணாமல் போயின. கிராமத்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு யாரோ விற்றிருக்கிறார்கள். துரை என்னைக் கூப்பிட்டார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்தில் ஊறிய தமிழ் அவருடையது.

"சுதாகரன், ராத்திரிக்கு தெரியிற கேமரா இருக்குதானே? ஒண்ணு போடு. கள்ளன் மொகம் எனக்கு வேணும்."

கொழும்பு போய் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தேன். பூட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி அதன் கண்ணையே குருடாக்கும். வயரை நேராக இழுத்தால் மழைத் தண்ணீர் வயர் வழியாகவே உள்ளே இறங்கும், அதனால் கீழே ஒரு தொங்கல் விட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். இந்தப் பக்கத்து மூடுபனிக்கு உயரமாக வைத்தால் பனிதான் தெரியும். எல்லாம் பார்த்து, ஸ்டோருக்கு எதிரே ஃபெக்டரிச் சுவரில் கூரை இறவாணத்துக்குக் கீழே பூட்டினேன். ஸ்டோருக்குள் வயர் இழுப்பதற்காகத் துரை ஒரு நாள் சாவியை என்னிடம் விட்டிருந்தார். சாவி வெட்டுகிறவன் பஜாரில் எனக்கு அடுத்த கடை. அன்றைக்கு அந்தச் சாவிக்கு ஒரு ஜோடி ஏன் வெட்டி வைத்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கையில் வந்ததை ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது என்று நினைக்கிறவன் நான்.

கேமரா பூட்டிய அன்றோடு களவு நின்றது. இது நல்ல காரியம்தானே, மிஸ். ஆனால் துரைக்கு அது போதவில்லை. கள்ளன் முகம் வேண்டும் என்றவருக்கு மரநாயும் முள்ளம்பன்றியும்தான் கிடைத்தன. லயத்தில் என்னை "மரநாய் போட்டோக்காரன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தது காளிதாஸ் என்று பிறகு தெரிந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சங்கத் தலைவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடது கையில் நீளக் குடை தொங்கும், வெயிலோ மழையோ. அந்தத் தோட்டத்தில் அப்படி வெள்ளையில் நடமாடுகிற ஆள் அவர் ஒருவர்தான். மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதாவது அசைந்தாலே, "தலைவர் வாறாரு" என்று சனம் சொல்லும். கைநாட்டுத்தான், ஆனால் துரையின் மேசைக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

பிரச்சினை கோணத்தில் வந்தது. ஸ்டோர் மூலையை ஒட்டி ஒரு பாதை போகிறது. லயத்துப் பெண்கள் கக்கூசுக்குப் போகிற பாதை. முதலில் கேமரா ஸ்டோர் கதவை மட்டும்தான் பார்த்தது. பிறகு நான் கொஞ்சம் திருப்பினேன். கள்ளன் கதவுக்கு வானத்திலிருந்தா குதிப்பான், பாதையில் நடந்துதானே வர வேண்டும். அதனால் பாதையும் தெரிய வேண்டும். வார இறுதியில் பதிவுகளை சிடியில் எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து பார்ப்பேன். படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா. மனுசர் நடமாடுகிற இடத்தில்தான் தெளிவு தெரியும், சும்மா கிடக்கிற கதவில் என்ன தெரியும். அவர்கள் துவாயை முக்காடாகப் போட்டுக்கொண்டு போவார்கள். இருந்தாலும் நடையை வைத்து யார் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு பழக்கம்தான். யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். தோட்டத்துக் கோயிலில் குருசாமி ஸ்ரீதரன்தான் போட்டுவிட்டார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, இரண்டு வேளைக் குளிப்பு, பாயில்லாத் தரையில் படுக்கை. அந்த விரதத்தில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாது, கோபப்படக் கூடாது. தெரிந்தவர்கள் கேட்டால் சொல்வார்கள், நான் அந்த நாட்களில் குரலை உயர்த்தியதே கிடையாது.

ஒரு நாள் பொழுது பட்ட நேரம் சிலந்தி துடைக்கப் போனேன். துடைத்துவிட்டு ஒபிசுக்குள் வந்தபோது தோட்டத்துக் கிளாக்கர் முக்தார் கேமராத் திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"தலைவர் ஏன் சுதா ஏணியத் தூக்கிட்டுப் போறாரு? ஒங்களுக்கு ஒதவியா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பதிவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் காட்டினார். ஏணியைத் தோளில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் போகிறான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அது நான்தான், மிஸ். கடையில் புதிதாக எடுத்த கறுப்புத் துணி. அந்தக் கேமரா பார்க்கிற வெளிச்சம் நம்முடைய வெளிச்சம் இல்லை. சில கறுப்புச் சாயம் அதற்குக் கறுப்பே இல்லை, சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்துத் தெரியும். குடைத் துணியும் அப்படித்தான். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். குடை கறுப்பு. படத்தில் வெள்ளை.

முக்தாருக்கு நான் திருத்திச் சொல்லவில்லை. "ம்" என்றேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வெள்ளையம்மா விழுந்தாள். வயதான பெண். கேமராவுக்குக் கூச்சப்பட்டு, பாதையை விட்டுவிட்டு ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறாள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பெண்கள் பல பேர் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள் என்ற விசயமும் அப்போதுதான் வெளியே வந்தது. கேமராவா போய் அவளைத் தள்ளியது? வழக்கமான பாதையில் நடந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலை என்னைத் தோட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். பெரட்டுக்களத்தில் சனம் முழுக்க நிற்கிறது. வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஒருவரும் தேயிலை மலைக்கு ஏறவில்லை. துரை ஒரு ஓரமாக நின்றார். காளிதாஸ் என்னைப் பார்த்து ஏணியைக் காட்டினார்.

"தம்பி, ஏணிய வையி. ஏறு. அந்தக் கண்ண அங்கிட்டு திருப்பு."

"இது செக்குரிட்டிக்கு வச்சதுங்க, தலைவரே," என்றேன்.

"ஒரம் ஸ்டோருக்குள்ளதானே கெடக்கு? கக்கூசுக்குப் போற பாதையில என்னப்பா ஒரம் கெடக்கு?"

சனம் சிரித்தது. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துரையும் சிரித்தார். நான் ஏறித் திருப்பினேன். காளிதாஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடக் கூடாதாம். இறங்கியபோது என் காதுக்குப் பக்கத்தில், ஆனால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒங்கம்மாவும் இந்தப் பாதையிலதான்யா போனா. அன்னைக்கு இந்த மெசின் இருந்திருந்தா, நீ எங்கிட்டு திருப்பி வச்சிருப்ப? கழுத்துல மாலைய வேற போட்டுக்கிட்டு."

மாலை போட்டவன் கோபப்படக் கூடாது. ஆனால் அந்த வார்த்தை என்னை எரித்தது, மிஸ். இன்றைக்கும் எரிகிறது. என் அம்மாவை அந்தச் சபையில் கொண்டுவந்து அந்தப் பாதையில் நடக்க வைத்தார். அப்படிச் செய்தவர் அவர், நான் இல்லை.

அன்று மாலைப் பஜனைக்குப் போனேன். குருசாமி ஸ்ரீதரன் என் முகத்தைப் பார்க்காமல், விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே பேசினார்.

"சாமி தப்பா நெனைக்கக் கூடாது. இந்த வருசம் நீங்க வேற கோஷ்டியோட மலைக்குப் போயிருங்க. பொம்பளைங்க சங்கடப்படுறாங்க."

காளிதாஸ் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாலையைக் கழற்றவில்லை. கறுப்பையும் கழற்றவில்லை.

பிறகு நடந்தது நீங்கள் படத்தில் பார்த்ததுதான். கேமரா இப்போது ஸ்டோர் கதவை மட்டும் பார்க்கிறது, அவர் சொன்னபடி. ஒருவன் குடையோடு வருகிறான். இடது கையில் குடை. தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. அவசரப்படாமல், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். கதவைத் திறக்கிறான். ஒரு யூரியா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். நான் நடந்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். நான்தான் நடந்தேன். அந்த நடை எனக்கு நன்றாக வந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த நடை.

அடுத்த நாள் ஒபிசில் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். துரை, முக்தார், பொலிஸ் சார்ஜன், நான்.

"இதுல என்ன சார் சந்தேகம், தலைவர்தான்," என்றார் முக்தார். "கொடையப் பாருங்க, எடது கையில."

குடை என்று கண்டதும் அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நிறத்தை யாரும் பார்க்கவில்லை. துரை என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. நீதானே இதுக்கு வேலை தெரிஞ்ச ஆள்."

"படத்துல வெள்ளை உடுப்புத் தெரியுதுங்க, சார். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல ஏலாது," என்றேன்.

இதில் ஒரு பொய் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். படத்தில் வெள்ளை உடுப்புத்தான் தெரிந்தது. அந்த விரதம் முழுக்க என் வாயிலிருந்து ஒரு பொய் வரவில்லை. கறுப்பில் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டேதான் அவர்கள் வெள்ளையில் நிற்கிற ஆளைத் தேடினார்கள். மாலை போட்ட சாமி களவெடுக்குமா? நம் சனத்தில் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். முக்தார் முஸ்லிம், சார்ஜன் சிங்களவர், அவர்களும் நினைக்கவில்லை. அந்த மரியாதையை நான் இன்றும் மதிக்கிறேன்.

சார்ஜன் சிங்களத்தில் கேட்டார், ஒரே ஒரு மூட்டையை எடுத்து இந்த ஆள் என்ன செய்யப் போகிறான் என்று. உரம் விற்கிறவன் லொறியில் அல்லவா ஏற்றுவான், ஒரு மூட்டை எதற்கு? நல்ல கேள்விதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யூரியா மண்ணுக்கும் போடலாம், வேறு வேலைக்கும் ஆகும், வடக்குக்கு அந்த உரத்தை ஏன் அனுப்ப விடுவதில்லை என்று சார்ஜன் மாத்தையாவுக்குத் தெரியாததா என்றேன். அதுவும் பொய் இல்லை. யூரியாவில் குண்டு செய்கிறார்கள் என்பது அந்த நாட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சார்ஜன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு டெலிபோன் எங்கே என்று கேட்டார்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். களவுக் கேஸ் ஒன்று விழும், கொஞ்ச நாள் உள்ளே இருப்பார், சங்கத் தலைமை போகும், பெரட்டுக்களத்தில் தலை குனிந்து நிற்பார், அதோடு சரி என்று நினைத்தேன். இதைத்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் களவுக் கேஸ் மட்டும் போதும் என்றிருந்தால் சார்ஜனுக்கு அவ்வளவு விளக்கம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கதவு சாத்தியிருக்கிறபடியால் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்த அன்று வெள்ளையம்மாவின் சாவு. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன், ஊர் முறை என்று ஒன்று இருக்கிறதே. மாலை போட்டவன் சாவு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் ரோட்டோரத்தில் நின்றேன். காளிதாஸ்தான் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புக்காரர்களுக்குச் சாராயம், குழி வெட்டுகிறவர்களுக்குத் தேத்தண்ணி என்று. வேன் வந்து நின்றது. பெயரைக் கேட்டார்கள். "நான்தாங்க" என்று முன்னால் வந்தார். என்ன ஏது என்று கேட்டவரை ஒரு அடி அடித்தார்கள். வெள்ளைச் சட்டையில் மூக்கு ரத்தம் வழிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை நிரோஷாவிடம் நீட்டினார்.

"அம்மாவ அழ வேணாம்னு சொல்லு. பாட்டிய நேரத்தோட எடுத்துருங்க, மழ வருது."

இராஜம் வேனுக்குப் பின்னால் ஓடிச் சேற்றில் விழுந்தாள். சனம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் சாப்பிட்டு முடித்தவன் மாதிரி ஒரு அமைதியும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அன்றே அவர் லயத்துக்குப் பின்னால் இருக்கிற காய்கறிப் பாத்தியைக் கிளறினார்கள். போஞ்சிக் கொடிக்குக் கீழே மூட்டை கிடைத்தது. உங்கள் கேஸில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான இடம் அதுதான் இல்லையா? படத்தை உடைத்துவிடலாம், மூட்டையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டுதானே வந்தீர்கள். நான்தான் புதைத்தேன். கொடி ஒன்றும் அறுந்துவிடாமல் பக்குவமாக விலக்கி, புதைத்து, பழையபடி மண்ணைத் தட்டிவிட்டேன். எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவன் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

அதற்குப் பிறகு துரை மற்ற ஸ்டோருக்கும் ஒபிசுக்கும் கேமரா போடச் சொன்னார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் வந்தது. தைமாதம் வேறு கோஷ்டியோடு மலைக்குப் போய்ப் பதினெட்டுப் படியும் ஏறினேன். நல்ல தரிசனம்.

திரும்பி வந்ததும் இராஜத்தைப் போய்ப் பார்த்தேன். தலைவர் போனபிறகு அந்த வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை, பயம். புலியின் வீடு என்று பெயராகிவிட்டது. இரவில் தகரத்தில் கல் விழுகிறது என்று இராஜம் அழுதாள். மகள் நிரோஷா தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பிராவில் வேலை செய்கிறாள், இருபத்திரண்டு வயது. தாயும் மகளும் கதவுக்கு அம்மியை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். கேட்கவே பாவமாக இருந்தது.

"வாசலுக்கு ஒரு கேமரா போட்டுத் தாறேன்க்கா. காசு வேணாம்," என்றேன்.

இராஜம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பெரட்டுக்களத்தில் நடந்தது அவளுக்கும் மறந்திருக்காது. நிரோஷா, "வேணாம்மா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரம் கல் இன்னும் கூடுதலாக விழுந்தது. ஒன்று தகரத்தைத் துளைத்து விழுந்து இராஜத்தின் நெற்றியைப் பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள்.

"தம்பி, அந்த மெசினப் போட்டுக் குடுங்க. எங்களுக்கு வேற யாரு இருக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போட்டுக் கொடுத்தேன். கேமரா பூட்டிய அன்றோடு கல் நின்றுவிட்டது. எறிந்தவனுக்கு அதற்கு மேல் எறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், மிஸ். எழுதுங்கள். கையெழுத்து இல்லாத காகிதம் வெறும் காகிதம் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொன்னதை நான் சொல்லவில்லை என்பேன், நீங்களும் நானும் தவிர இங்கே யாரும் இல்லை. கையெழுத்து மட்டும் போட மாட்டேன். இதைப் பயம் என்று நினைக்காதீர்கள். பொலிஸுக்குப் பயமில்லை, அவர்களுக்கே நான்தான் இப்போது கேமரா பூட்டுகிறேன். காளிதாஸ் மேல் கோபமும் இப்போது இல்லை. அதெல்லாம் மாலையோடு கழற்றி வைத்துவிட்டேன்.

நான் யோசிப்பது அந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான். வாரம் ஒரு தடவை சிலந்தி துடைக்கப் போகிறேன், பதிவைக் கொண்டுவந்து உட்கார்ந்து முழுக்கப் பார்க்கிறேன். வாசலோடு ஜன்னலும் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறேன், பாதுகாப்புக்கு. இராஜம் எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கிறாள், நிரோஷா தலை பின்னி முடித்து எப்போது விளக்கை அணைக்கிறாள், எந்த நாளில் அணைக்காமலே அழுதுகொண்டிருக்கிறாள் எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, முகாமில் இருக்கிற தகப்பனுக்கும் தெரியாது. உறவு என்று சொல்லிக்கொள்கிற எவனாவது இப்படிக் கண்விழித்துப் பார்க்கிறானா?

காளிதாஸ் திரும்பி வந்தால் முதல் வேலையாக ஏணியை வைத்து ஏறி அந்தக் கேமராவைப் பிடுங்கி எறிவார். அவர் குணம் எனக்குத் தெரியும். பிறகு அந்தப் பெண்களுக்கு ராத்திரியில் யார் துணை, நீங்களே சொல்லுங்கள்.